தோட்டத்து மோட்டாருக்கு எந்த மாட்யூல்?

கேள்வி: சார், வீட்டு மாடி டேங்க் ரொம்புனதும் தோப்புல இருக்குற கிணத்து மோட்டார் தானா ஆஃப் ஆகணும். 400 மீட்டர் தூரம், நடுவுல பூரா தென்னை, அங்க வைஃபை கிடையாது. ரெண்டு ஆர்டுயினோ உனோ (கோட் எழுதி ஓட்டுற சின்ன கன்ட்ரோல் போர்டு) கையில இருக்கு. கம்மி விலையில எந்த வயர்லெஸ் மாட்யூல் வாங்கலாம்?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கடையில முதல்ல என்ஆர்எஃப்24எல்01ங்கிற வயர்லெஸ் மாட்யூலத் தான் எடுத்து நீட்டுவாங்க, விலையும் கம்மி, ரெடிமேட் கோட் லைப்ரரியும் ஈஸி, ஆனா அது ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, பச்சை மரம் அந்த சிக்னல நல்லாவே குடிச்சிடும், அதனால பெரிய ஆன்டெனா வச்ச மாடல்னாலும் தோப்புக்குள்ள நம்பி இறங்க முடியாது. ஒரே ரூமுக்குள்ளன்னா தாராளமா வாங்கலாம், பவர் பின்ல ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் ஒட்டிடுங்க, ‘மாட்யூல் டெட்’னு வர்ற புகார் பல அதுலயே தீந்துடும். ஹெச்சி-05 ப்ளூடூத்தெல்லாம் 10 மீட்டர் கேஸு, விடுங்க.

உங்களுக்கு லோரா தான் சரி, சின்னச் சின்ன தகவல ரொம்ப தூரம் அனுப்புற ரேடியோ மாட்யூல் அது. எஸ்எக்ஸ்1276 சிப் போட்டதா, 865-867 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுறதா பாத்துக் கேட்டு வாங்குங்க, நம்ம நாட்டுல அந்த பேண்டுக்கு லைசென்ஸ் வேணாம். கொஞ்சம் காசு கூட ஆகும், பரவால்ல. ஆனா இது 3.3 வோல்ட் சமாச்சாரம், உனோ 5 வோல்ட், அதனால 5 வோல்ட் சிக்னல 3.3-க்கு இறக்குற லெவல் கன்வர்ட்டர் கட்டாயம். உனோவோட 3.3 வோல்ட் பின் 50 மில்லிஆம்பியர் தான் தரும், லோரா ஃபுல் பவர்ல அனுப்புறப்ப 120 வரைக்கும் இழுக்கும், 3.3 வோல்ட் தர்ற தனி ரெகுலேட்டர் போட்டுடுங்க. ஆன்டெனா மாட்டாம ஆன் பண்ணாதீங்க. அப்புறம், 1 நிமிஷம் சிக்னல் வரலன்னா மோட்டார் தானா நிக்கிற மாதிரி கோட் எழுதுங்க, இல்லன்னா டேங்க் பக்கம் கரண்ட் போனா மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.