ஒட்சிசன் குறைந்தால் ஜிஏபிடிஎச் நகரும்

தங்கச்சி, 1% ஒட்சிசனில் வைத்த ஹீலா கலங்களில் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்க் கலங்கள்), ஜீன் இயக்கத்தை அளக்கும் கியூபிசிஆரில் ஒப்பீட்டு ஜீனாக எடுத்த ஜிஏபிடிஎச்சின் சிடி (சமிக்ஞை தெரியத் தேவையான சுற்றுகள்; குறைந்தால் ஜீன் கூடுதலாக இயங்குகிறது) 19-இலிருந்து 17-க்கு இறங்கியது பிப்பெற் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நிலையிலும் எடுத்த ஆர்என்ஏ அளவு சமமென்றால் உங்கள் கையில் பிழை இல்லை. ஒட்சிசன் குறைந்தால் எச்ஐஎஃப்-1 என்ற புரதம் குளுக்கோசு உடைக்கும் ஜீன்களைத் தூண்டும். ஜிஏபிடிஎச் அதில் ஒன்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு; இரண்டு சுற்று என்றால் ஏறக்குறைய நாலு மடங்கு! அதோடு ஒப்பிட்டால், நீங்கள் அளக்கும் ஜீன் இரண்டு மடங்கு ஏறியிருந்தாலும் பாதியாகக் குறைந்ததாகத்தான் தெரியும்.

உங்களைப் போல நானும் திருகோணமலைதான். உப்புவெளி வீட்டில் இதே மாதிரித் தரவோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன்.

சரி, டிபிபி, பி2எம், ஆர்பிஎல்13ஏ என்று வேறு ஒப்பீட்டு ஜீன்கள் ஏழெட்டைச் சாதாரண ஒட்சிசன், குறைந்த ஒட்சிசன் இரண்டு நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். ஜீநார்ம் என்ற மென்பொருளில் எம் பெறுமதி (குறைந்தால் ஜீன் நிலையானது) 0.5-க்குக் கீழே வரும் மூன்றின் பெருக்கல் சராசரியை எடுங்கள். ஆர்பிஎல்13ஏ போன்ற ரைபோசோம் ஜீன் ஒன்று போதும். ஏனென்றால், சேர்ந்தே ஏறி இறங்குபவற்றை ஜீநார்ம் நிலையானவை என்று காட்டிவிடும்.