ஐந்தாம் நாளில் பிராக்கியூரி மறைந்தால் சோதனை தோற்றதா?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக, வின்ட் என்னும் செல் குறிகையைத் தூண்டும் மருந்தைக் கொண்டு மனிதக் குருத்தணுக்களை நடு அடுக்குச் செல்களாக (தசை, எலும்பு போன்றவற்றைத் தரும் கரு அடுக்கின் செல்களாக) மாற்றி வருகிறேன். இரண்டாம் நாளில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் தெரிந்த பிராக்கியூரி புரதம், ஐந்தாம் நாளில் அடியோடு காணவில்லை. செல்கள் பழைய நிலைக்கே திரும்பிவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிராக்கியூரி, செல் சேர்ந்த இடத்தைக் காட்டும் மரபணு அன்று. அது கடந்துகொண்டிருக்கும் வாசலைக் காட்டும் மரபணு. சுண்டெலிக் கருவில் ஏறத்தாழ ஆறரை நாளில், கருவுக்கு வெளிப்புறத் திசுவிலிருந்து வரும் பிஎம்பி4 குறிகையும், வின்ட்3, நோடல் ஆகிய குறிகைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தி, செல்கள் உள்ளிறங்கும் பாதையான மூலக் கீற்றை உருவாக்குகின்றன. அக்கீற்றின் வழியே உள்ளே இறங்கும் செல்களில்தான் பிராக்கியூரி எரிகிறது. இறங்கிப் பரவியபின் பெரும்பாலான செல்களில் அது அணைந்துவிடும், முதுகுநாணிலும் வால்மொட்டிலும் மட்டும் நீடிக்கும். அதனால்தான், 1927இல் குட்டைவால் சுண்டெலிகள் வழியே முதலில் அறியப்பட்ட இந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான கருக்களில் உடலின் பின்பகுதி உருவாகாமல் போகிறது.

வாசலைத் தாண்டிய செல் எங்கே போயிற்று என்பதை வேறு மரபணுக்களே சொல்லும். நோடல் குறிகை மிகுந்தால் ஈயோமெஸ் என்னும் மரபணு வழியாக சாக்ஸ்17, ஃபாக்ஸ்ஏ2 ஆகிய மரபணுக்கள் எழுந்து, குடல் போன்றவற்றைத் தரும் அக அடுக்கு உருவாகும். உடற்கண்டங்களை (முதுகெலும்பும் தசையும் ஆகும் கட்டிகளை) தரும் நடு அடுக்கு டிபிஎக்ஸ்6 என்னும் மரபணுவைக் காட்டும். இந்த டிபிஎக்ஸ்6இன் பொறுப்பு வியப்பூட்டுவது: அதை இழந்த சுண்டெலிக் கருவில், உடற்கண்டங்கள் அமைய வேண்டிய இரு பக்கங்களிலும் நரம்புக் குழாய்கள் உருவாகி, ஒன்றுக்கு மூன்றாக நிற்கின்றன. நடு அடுக்காகும் முடிவு என்பது நரம்பாகாமல் தடுக்கும் முடிவும்கூட என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஆகவே, அடுத்த சுற்றில் தொடக்க நாளிலிருந்தே பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, பிராக்கியூரி, டிபிஎக்ஸ்6, சாக்ஸ்17, குருத்தணு நிலையைக் காட்டும் சாக்ஸ்2, நானாக் ஆகிய ஐந்தின் ஆர்.என்.ஏ அளவுகளை ஒப்பிடுங்கள். டிபிஎக்ஸ்6உம் கடந்துபோகக்கூடியதே என்பதால், ஐந்தாம் நாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாக்ஸ்2உம் நானாக்கும் சேர்ந்து உயர்ந்தே இருந்தால்தான் செல்கள் மாறவில்லை என ஐயுற வேண்டும்; சாக்ஸ்2 மட்டும் உயர்ந்தால் அவை நரம்பின் பக்கம் சாய்ந்திருக்கலாம். இரண்டாம் நாள் செல்களில் சிலவற்றைப் பதப்படுத்தி வைத்து, ஐந்தாம் நாள் செல்களுடன் ஒரே வேளையில் சாயமிடுங்கள். பிராக்கியூரியைப் பிடித்துக் காட்டும் எதிர்ப்புரதம் வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகமும் அத்துடன் தீரும்.