இருநூறு முறை கொன்றும் அந்தத் தொப்பி விழாதது ஏன்?

'டயாப்லோ 2' கணினி விளையாட்டில், 'நைட்மேர்' என்ற நடுத்தரக் கடினக் கட்டத்தில், மெஃபிஸ்டோ என்ற அரக்கத் தலைவனை இருநூறு முறை கொன்றும் ஹார்லிகுவின் கிரெஸ்ட் என்ற அரிய தொப்பி கிடைக்கவில்லை, எனக்கு ராசியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ராசியைப் பழிக்காதீர்கள். இன்னும் இரண்டாயிரம் முறை கொன்றாலும் அங்கே அது விழாது. விளையாட்டில் பொருளுக்கும் அரக்கனுக்கும் ஒரு நிலை (லெவல்) எண் உண்டு. அந்தத் தொப்பியின் நிலை 69. நைட்மேர் மெஃபிஸ்டோ வெறும் 59. தன் நிலைக்கு மேற்பட்ட யூனிக் பொருளை (தனிப்பெயர் கொண்ட அரிய பொருளை) எந்த அரக்கனும் உதிர்ப்பதில்லை. அதைவிடக் கடினமான 'ஹெல்' கட்டத்தில் அவன் 87. அங்கே போங்கள்.

அரிய பொருள் விழும் வாய்ப்பைக் கூட்டும் மேஜிக் ஃபைண்டை 300 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். யூனிக் பொருள்களுக்கு அது ஏறக்குறைய 136 சதவீத அளவுக்குத்தான் பலிக்கும். கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வேகமாகக் கொல்லும் ஆயுதத்தை எடுங்கள்.

அலுத்துப்போன பிறகும் ஏன் விட முடியவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது அனுபவம் மட்டுமே. மோதிரம் தரையில் விழும் அந்த 'டிங்' ஓசை, யூனிக் என்று காட்டும் பொன்னிற எழுத்து, அது எந்தப் பொருள் என்று காட்டும் அடையாளச் சுருளைச் சொடுக்கும் முன் ஒரு நொடி. விளையாட்டில் வரும் முதியவர் டெக்கார்ட் கெயினை மீட்டிருந்தால், அவர் அதை இலவசமாகவே சொல்லிவிடுவார். ஆனாலும் நான் சுருளைத்தான் வாங்குகிறேன். அந்த நொடியில் அது எல்லோரும் தேடும் மோதிரமான ஸ்டோன் ஆஃப் ஜோர்டனாகவும் இருக்கலாம் அல்லவா? திறந்து பார்த்தால் பெரும்பாலும் சாதாரணமாகக் கிடைக்கும் நாகெல்ரிங் மோதிரம்தான்.