கோபுரம் இரண்டு முறை வந்தால்

வணக்கம்.

மூன்று மாதமாகக் காலையில் பசியாறுவதற்கு முன் குறி பார்க்கும் படச்சீட்டான டாரட்டில் ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கிறேன். பலன் கேட்க அல்ல, அன்றைய பொழுதைக் கொஞ்சம் நிதானமாகத் தொடங்கத்தான். ஆனால் போன இரண்டு வாரத்தில் ‘கோபுரம்’ என்ற சீட்டு இரண்டு முறை வந்துவிட்டது. கூட வந்த கையேட்டில் ‘திடீர் அழிவு’ என்று போட்டிருக்கிறது. மனசு கலங்குகிறது. இன்னொன்று: பனி, கோதுமை, சூரியகாந்தி என்று படங்கள் எல்லாம் வேறு ஏதோ நாட்டில் இருக்கின்றன. இங்கே இருந்துகொண்டு இதில் இயற்கையை எப்படிப் பார்ப்பது?

ஆர்., பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள ஆர்.,

கலக்கத்துக்குக் கணக்கே மருந்து. சீட்டுக்கட்டில் மொத்தம் 78 சீட்டு. தினமும் ஒன்றை எடுத்துத் திரும்பக் கட்டுக்குள் போட்டுக் கலைத்தால், 11 நாளுக்குள்ளேயே ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வந்திருக்கப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. 14 நாளில் அது பத்துக்கு ஏழு. ‘கோப்பை இரண்டு’ போன்ற ஒரு சாதாரணச் சீட்டு திரும்ப வந்திருந்தால் நீங்கள் கவனித்தே இருக்கமாட்டீர்கள். வந்தது கோபுரம் என்பதால் எண்ணினீர்கள்.

கலைப்பதிலும் கோளாறு இருக்கலாம். கட்டுக்கட்டாகத் தூக்கி மாற்றிப் போடுவதுதான் பலருக்கும் பழக்கம். அதில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் எளிதில் பிரியாது. நேற்று மேலே வைத்தது இன்றும் மேல்வாக்கிலேயே கிடக்கலாம். நம் ஊர் ஈரத்தில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் கொள்ளும். எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, மாஜோங் கட்டைகளைக் கலைப்பதுபோல் இரண்டு கையாலும் ஒரு நிமிடம் முழுக்கக் கலையுங்கள். சில சீட்டுகள் தலைகீழாகத் திரும்பிவிடும். முதல் ஆண்டில் அதற்குத் தனி அர்த்தம் தேடாமல் நேராக்கி வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது.

இனி கையேடு. அதை முதலில் திறப்பதுதான் தினச்சீட்டைக் கெடுக்கும் பெரிய தவறு. திறந்த கணமே அது கிளி ஜோசியமாகிவிடுகிறது. கிளிக்குப் பதில் உங்கள் கை, ஜோசியருக்குப் பதில் அச்சடித்த தாள். இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு நோட்டில் மூன்று வரி: கண் முதலில் எங்கே போனது, படத்தில் இருப்பவரின் உடல் என்ன செய்கிறது, வானம் எப்படி இருக்கிறது. அதன் கீழே, இன்று வெளியில் பார்க்கவேண்டிய ஒரு பொருள். கையேடு அதற்கப்புறம். பிடிக்காத சீட்டு வந்தது என்று இன்னொன்று எடுக்காதீர்கள். இரண்டாவதை எடுத்தால் மூன்றாவதும் எடுப்பீர்கள்.

படங்கள் அயல்நாட்டுச் சரக்கு என்பது சரிதான். உங்களிடம் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் வழி வந்தது. வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். சீட்டில் இருப்பது அவர்களுடைய பருவங்கள். ஆனால் கட்டில் உள்ள நான்கு சீட்டு வகைகளில் கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, காசு மண் என்ற பிரிவு எந்த ஊருக்கும் பொருந்தும். ஐம்பூதத்தில் நான்கு அங்கேயே இருக்கின்றன. மிச்சத்தை நாம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

‘காசு ஐந்து’ சீட்டில், வெளிச்சமுள்ள சன்னலைத் தாண்டி இருவர் பனியில் நடக்கிறார்கள். இங்கே அது அடைமழையில், அடைத்த கடைவீட்டின் அஞ்சடியில் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) ஒதுங்கி நிற்பவர். ‘நிலவு’ சீட்டில் தண்ணீரிலிருந்து ஒரு நண்டினம் கரையேறுகிறது. அன்று கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். இங்கே நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றும்போது சேறு வெகுதூரம் தெரியும், நண்டு வளைகளும் தெரியும். ‘மரணம்’ சீட்டு வந்தால் அங்சானா மரத்தைப் பாருங்கள். நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் பூ ஒரு நாள்தான், மறுநாள் சாலை முழுக்க விரித்துக் கிடக்கும்.

உங்கள் கோபுரத்துக்கு வருவோம். மின்னல் கோபுரத்தின் தலைக் கிரீடத்தைத் தட்டிவிடுகிறது, இருவர் விழுகிறார்கள். ஐரோப்பிய ஓவியருக்கு அது பேரிடி. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் நமக்கு அது பல நாள் பிற்பகலில் நடப்பது: காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலே போய்க் கறுத்து, மூன்று நான்கு மணிக்கு இடியாக இறங்கும், பிறகு காற்று குளிரும். கோபுரம் வந்த அன்று எழுத வேண்டிய கேள்வி: காலையிலிருந்து எது சூடேறிக்கொண்டிருக்கிறது?

இரவில் ஒரே ஒரு வரி போதும். ‘பலித்தது’ என்று எழுதாதீர்கள். சீட்டு எங்கே பொருந்தவில்லை என்று எழுதுங்கள். பொருந்தியதை மட்டும் குறித்தால் ஒரு மாதத்தில் எல்லாமே பலித்ததாகத் தோன்றும், பிறகு நோட்டே தேவைப்படாது.

சீட்டு வைக்கத் துணிப்பை அழகுதான், இந்த ஈரத்துக்கு ஆகாது. மூடி இறுகும் டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஒட்டினால் காய்ந்த துணியால் துடையுங்கள். முகப்பவுடர் போடவேண்டாம், ஈரம் பட்டால் அப்பிக்கொள்ளும்.