எக்செல் விழுங்கிய இருபத்தொன்று

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். தரம் 11இல் படிக்கும் மகள் 12345678987654321 என்று எழுதிக் காட்டி, "கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்குவது போன்ற எண், இது ஒரு நிறைவர்க்கம்" என்கிறாள். எக்செலில் இட்டால் 12345678987654300 என வருகிறது. அப்படியானால் 100ஆல் வகுபட வேண்டுமே? யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூச்சியமாக்கிவிடும். இந்த எண்ணுக்கு 17 இலக்கங்கள். 21 தொலைந்தது அப்படித்தான். எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்: மகளுடையது 81, எக்செலுடையது 78.

நிறைவர்க்கம், அதாவது ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது, என்பதற்குக் கணினியே வேண்டாம். 111111111ஐ அதே எண்ணால் தாளில் நீள்பெருக்கல் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் ஓரிடம் தள்ளி விழும். நடு நிரலில் ஒன்பது ஒன்றுகள் சேரும், எங்கும் மீதி கொண்டுபோக வேண்டியதில்லை. பத்து ஒன்றுகளை எடுத்தால் அழகு குலைந்துவிடும்: விடை 1234567900987654321.

இனிக் காரணிகள். 111111111இன் இலக்கக் கூட்டுத்தொகை 9. ஆகவே 9ஆல் வகுபடும், ஈவு 12345679. (8 இல்லாததைக் கவனியுங்கள்.) அது 37 × 333667. இந்த 333667 முதன்மை எண்ணா என்பதுதான் சுவையான இடம். தமிழகத்தார் பகா எண் என்பார்கள். இதன் வர்க்கமூலம் 577ஐச் சற்றே தாண்டும்; ஆனாலும் 577 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 10இன் 9ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழித்தால் வருவதன் காரணி இது என்பதாலும், 3ஆலும் 37ஆலும் வகுபடாததாலும், இதன் முதன்மைக் காரணி எதையும் 18ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். 19, 37, 73, 109 எனத் தொடங்கி 577 வரை அத்தகையவை பதினேழுதான். ஒன்றும் வகுக்காது.

ஆக, எண் = 3⁴ × 37² × 333667². ஒவ்வோர் அடுக்கோடும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 3 = 45 காரணிகள். நிறைவர்க்கத்துக்கு மட்டுமே இந்த எண்ணிக்கை ஒற்றையாக வரும். மற்றவற்றில் காரணிகள் சோடி சோடியாக அமையும்.

ஓர் எச்சரிக்கை: கூட்டுத்தொகை 81 என்பதால் 81ஆல் வகுபடுகிறது என்று மகள் விடையெழுதினால் மதிப்பெண் கொடுக்காதீர்கள். அந்த விதி 9உடன் நின்றுவிடும். 9981இன் கூட்டுத்தொகை 27, ஆனால் அது 27ஆல் வகுபடாது.

கடைக் கணக்கும் எக்செலில் வைத்திருந்தால் ஒன்று பாருங்கள். தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களுக்கு ஆபத்தில்லை. 16 இலக்க வங்கி அட்டை எண் என்றால் கடைசி இலக்கம் பூச்சியமாகியிருக்கும். தட்டச்சிடும் முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று இட்டால், எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கைவைக்காது.