எட்டாவது பீஸ்

வணக்கம் அக்கா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறேன். செக்கிங் டேபிளில் சேர்ந்து, இப்போது ஃபைனல் செக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் கியூசி (தரச் சோதனையாளர்). அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சியில் (மற்ற கம்பெனிகளின் சரக்கைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் நிறுவனம்) கூப்பிடுகிறார்கள். ஈரோடு, கரூர், பெங்களூரு என்று போய்வர வேண்டும், பிற்பாடு கம்பெனிகளின் தரத்தையும் தொழிலாளர் நிலைமையையும் ஆய்வு செய்யும் ஆடிட்டர் ஆகலாம் என்கிறார்கள். வீட்டில் "ஊர் ஊராகச் சுற்றும் வேலை எதற்கு" என்கிறார்கள். இங்கேயோ, புரொடக்‌ஷன் மேனேஜர் "பாஸ் பண்ணி விடுங்க" என்றால் அதற்கு மேல் என் பேச்சு எடுபடுவதில்லை. பெண்களுக்கு இந்தத் துறையில் மேலே போக வழி இருக்கிறதா? அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழி இருக்கிறது, தாராளமாகப் போகலாம். ஆனால் "பாஸ் பண்ணி விடுங்க" என்ற வரிதான் எனக்கு உறுத்தியது. உங்கள் வளர்ச்சி அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 3,000 டி-ஷர்ட் சரக்கு. ஏக்யூஎல் (குறைகளை எதுவரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால், வழக்கமான லெவலில் 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். மேஜர் குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 வந்தால் ஃபெயில். மைனருக்கு 4.0 வைத்திருந்தால் 10 வரை விடலாம். ஏழு மேஜர் எழுதியாகிவிட்டது. எட்டாவதாகக் கையில் வரும் பீஸில், அக்குளுக்குக் கீழே சைடு தையல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது. தூத்துக்குடியில் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "இதை மைனர்ல போட்டுடுங்க" என்பார்கள். வெட்டாமல் விட்ட நூல் மைனர், பிரிந்த தையல் மேஜர். செக்கிங்கில் இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். தெரிந்தும் எழுத முடியாமல் போகிறது என்றால், அவருடைய ஷிப்டையும் சம்பளத்தையும் அதே புரொடக்‌ஷன் மேனேஜர் முடிவு செய்கிறார் என்பதுதான் காரணம்.

பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் வரிசையாகப் பெண்கள்தான் நிற்கிறார்கள். கியூஏ (தர உறுதி) மேனேஜர் நாற்காலிக்கு வரும்போது அந்த வரிசை காணாமல் போகிறது. பெண்களுக்குப் பொறுமை அதிகம், உன்னிப்பு அதிகம் என்று புகழ்வதெல்லாம் டேபிளோடு சரி. குறையைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, சரக்கை நிறுத்துவது வேறு யாரோ போடும் கையெழுத்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

ஆகவே ஏஜென்சியில் சம்பளம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள்? நான் ஃபெயில் போட்ட பிறகு கம்பெனிக்காரர் போன் செய்தால் முடிவு மாறுமா? இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பணம் கட்டுவது சரக்கை வாங்கும் பையரா, சரக்கு அனுப்பும் கம்பெனியா? மழுப்பாமல் பதில் வந்தால் அது நல்ல இடம். மழுப்பினால், இப்போது இருக்கும் அதே டேபிளுக்குத்தான் வேறு ஊரில் போகிறீர்கள்.

ஆடிட்டர் ஆவதற்கான படிப்பு பெரிய மலை இல்லை. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 லீட் ஆடிட்டர் பயிற்சி ஐந்து நாள், கடைசியில் பரீட்சை. தொழிலாளர் நிலைமைகளைப் பார்க்கும் சோஷியல் ஆடிட்டுக்குப் போவதென்றால் ஆப்ஸ்கா என்ற சோஷியல் ஆடிட்டர்கள் அமைப்பில் பதிவு செய்து அதன் தேர்வுகளை எழுத வேண்டும். பி.காம். படித்தவர் நீங்கள், சம்பளப் பதிவேடு உங்களை மிரட்டாது.

அப்புறம், பெண் ஆடிட்டர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் இந்த வேலையில் இருந்தபோது திரும்பத் திரும்பப் பார்த்தது. "தொழிலாளிப் பெண்களிடம் நீங்க பேசுங்க, டாக்குமெண்டை நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். அந்தப் பேச்சு முக்கியம்தான். சூப்பர்வைசரின் கெட்ட வார்த்தையும், கழிப்பறைக்குப் போனால் நேரம் குறிப்பதும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் பெரும்பாலும் வெளியே வரும். ஆனால் அதோடு உங்களை நிறுத்திவிட்டால் லீட் ஆடிட்டர் நாற்காலிக்கு ஒருநாளும் போக மாட்டீர்கள். சம்பளம், ஓவர்டைம், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தளத்தில் நின்றவருக்கு அங்கேயும் ஒரு பலம் உண்டு. ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதுவது உங்களுக்குப் பழக்கம். வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை என்று இருக்கும். ஊசி ரிஜிஸ்டரைப் புரட்டினால் அதே ஞாயிறு ஒரு ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்து ஒட்டப்பட்டிருக்கும். ஆள் வராத நாளில் ஊசி எப்படி உடையும்? கணக்குப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ரிஜிஸ்டரைத் திறக்க வேண்டும் என்றே தோன்றாது.

இந்த வேலையை லேசாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சி இருக்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, வெளியேறும் கதவுகளுக்குப் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நிலைமைக்கான எஸ்ஏ8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. அந்தச் சான்றிதழுக்காக யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆலையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியிடம் கேட்டிருந்தால் எந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று சொல்லியிருப்பார். நம் பக்கத்திலேயே, 2022-ல் ஒரு ஆடை கம்பெனியோடு கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தளத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலைக் கண்காணிக்க வைத்தது. பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் கேட்டுப் பெற்றது அது. உள்ளே இருப்பவர்களின் கண்ணை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு விஷயம். அவர்கள் பயத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள், ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். இரவு தங்கினால் எங்கே, வண்டி யாருடையது, ஏழு மணிக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் இழுத்தால் என்ன ஏற்பாடு என்று. நீங்கள் சோதிக்கப் போகும் கம்பெனி அனுப்பும் காரில் ஏறாதீர்கள். அதில் ஏறினால் மதியச் சாப்பாடும், கிளம்பும்போது ஒரு கவரும் பின்னாலேயே வரும். வண்டிச் செலவை ஏஜென்சி ஏற்கட்டும்.

அந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வந்தால் சேர்ந்துவிடுங்கள். வராவிட்டால் இன்னொரு ஏஜென்சியில் விண்ணப்பியுங்கள், திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. முதல் ஃபெயில் ரிப்போர்ட் எழுதியதும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.