கழுத்தப் புடிச்சு அமுக்குன கேஸ்ல ஆஸ்பத்திரி என்ன எழுதணும்? ஒரு நர்ஸ் கேட்ட கேள்வி

ஈரோடு மாவட்டம் கோபி (கோபிச்செட்டிபாளையம்) பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கற ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க. நைட் ட்யூட்டில ஒரு பொண்ணு வந்திருக்குது, கூட ஊட்டுக்காரரும் மாமியாரும். பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாளாம். ஆனா குரல் கம்மிப்போயி, எச்சில் முழுங்க முடியல, ஒரு கண்ணுல ரத்தம் கட்டியிருக்குது. யூரின் டெஸ்ட்டுன்னு தனியா கூட்டிட்டுப் போனப்ப "கழுத்தப் புடிச்சு அமுக்கிட்டாருங்க சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லிராதீங்க"ன்னு அழுதிருக்குது. ட்யூட்டி டாக்டர் கழுத்துல காயமே இல்லியேன்னு தொண்டை வலிக்கு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. அடுத்து ரிவ்யூக்கு வரப்போகுது. போலீசுக்கு சொல்லணுமா, சொன்னா எனக்கு பிரச்சனை வருமா, அன்னிக்கு எழுதாம உட்டத இப்ப எழுதலாமான்னு கேக்கறாங்க.

சிஸ்டர், ரிவ்யூ தேதி வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க. இன்னிக்கே வரச்சொல்லுங்க, ஃபோன் ஊட்டுக்காரர் கைல இருக்கலாம், அதனால "டெஸ்ட் ஒண்ணு திரும்ப எடுக்கணும், டாக்டர் இன்னிக்கே பாக்கணும்ங்கறாரு"ன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, கழுத்துக்குள்ள வீக்கம் பல மணி நேரம் கழிச்சு ஏறி மூச்ச அடைக்கலாம், கழுத்து ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருந்தா நாள் கணக்குல, சில சமயம் வாரக்கணக்குல கழிச்சு பக்கவாதம் வரலாம், சின்ன வயசுப் பொண்ணுக்கும் வரும். வெளிய காயம் இல்லங்கறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அமெரிக்காவுல சான் டியாகோவுல போலீஸ் வரைக்கும் வந்த 300 கேஸ எடுத்துப் பாத்து 2001ல எழுதுன ஆய்வுல பாதிப் பேருக்கு கண்ணுக்குத் தெரியற அடையாளமே இல்ல. அதே நாட்டுல 2008ல வந்த இன்னொரு ஆய்வுல, ஒருக்கா புருஷன் கழுத்த நெரிச்சிருந்தா பின்னால அது கொலைல போய் முடியற வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேலன்னு வந்துச்சு. அறைஞ்சான், தள்ளி உட்டான்ங்கற அடியோட இத சேத்துப் பாக்கவே கூடாது.

அதனால குரல், முழுங்கறது, மூச்சு, கழுத்து வலி இதெல்லாம் கேளுங்க, நடுவுல கொஞ்ச நேரம் ஞாபகம் இல்லியா, அந்த நேரத்துல யூரின் போயிருச்சான்னும் கேளுங்க, வெக்கத்துல அவங்களா சொல்ல மாட்டாங்க. கீழ் இமைய இழுத்து உள்பக்கம், காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. தாடைக்கு அடில இருக்கற நகக்கீறல் அந்தப் பொண்ணே அவன் கைய பிரிக்கப் பாத்தப்ப உழுந்ததா இருக்கலாம், அதயும் எழுதணும். கர்ப்பமான்னும் கேளுங்க. ஆக்சிஜன் அளவு நார்மலா காட்டுதுன்னு உட்டுராதீங்க, நினைவு தப்பியிருந்தா கழுத்து ரத்தக்குழாய்க்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாயக் காட்டற ஸ்கேன்) எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, அங்க வசதி இல்லீன்னா பெருந்துறைக்கோ கோயமுத்தூருக்கோ அனுப்பச் சொல்லுங்க.

இனி சட்டத்துக்கு வாரேன். கோர்ட்டுல இந்த மாதிரி கேஸ் நிக்கறதும் உழுகறதும் ஏ.ஆர். காப்பில, அதாவது காயம்பட்டு வந்தவங்களப் பத்தி ஆஸ்பத்திரி எழுதற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல, இருக்கற ரெண்டு வரிலதான். "சோர் த்ரோட், சிம்பிள்"னு எழுதி அனுப்பிட்டா ஸ்டேஷன்ல சாதாரண காயம், பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 115(2)ன்னு பாப்பாங்க, அதுல அவங்களா எஃப்ஐஆர் போட முடியாது, புகார் வாங்குனதுக்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து ரெண்டு பேரையும் சமாதானம் பேசி அனுப்பி உட்ருவாங்க. அதுவே, தெரிஞ்ச நபர், ரெண்டு கையால, இத்தன மணிக்கு, ஊட்டுல வெச்சு கழுத்த அமுக்குனதா நோயாளி சொல்றாங்க, கண்ணு இருட்டிச்சு, குரல் மாறிருச்சுன்னு இருந்தா கதையே வேற. உயிருக்கு ஆபத்து உண்டாக்கற காயம் எதுவா இருந்தாலும் 116ன்படி கொடுங்காயம், 117(2)ல 7 வருஷம் வரைக்கும். கொல்லற நோக்கம் தெரிஞ்சா 109, கொலை முயற்சி. காயம் பெருசா இல்லீன்னாலும் கொலை முயற்சி நிக்கும்னு சுப்ரீம் கோர்ட் 1983லயே பல்ராம் பாமா பாட்டீல் கேஸ்ல சொல்லிருச்சு, அது பழைய ஐபிசி 307க்கு சொன்னது, இப்ப 109. இதுக்கு மேல புருஷன் வீட்டுக் கொடுமைக்கு 85 தனியா இருக்குது.

அப்பறம் எங்க பக்கம் அடிக்கடி வர்ற இன்னொரு கதை, "தூக்கு மாட்டிக்கப் பாத்தா, நாங்கதான் காப்பாத்துனோம்"னு வீட்டுக்காரங்க சொல்றது. அவங்க சொன்னத அப்படியே ஹிஸ்டரில எழுதாதீங்க, யார் சொன்னாங்கன்னு சேத்து எழுதுங்க, பொண்ணு தனியா சொன்னத தனியா எழுதுங்க. தூக்குல கயிறுத் தடம் பெரும்பாலும் காதுப்பக்கம் மேல ஏறிப்போகும், கயிறால நெரிச்சா தடம் கழுத்தச் சுத்தி நேரா இருக்கும், டாக்டர் அத அளந்து எழுதட்டும். தற்கொலைன்னு உன் மேல கேஸ் போட்ருவோம்னு பொண்ண மிரட்டியிருந்தா, மனநல பராமரிப்பு சட்டம் 2017, பிரிவு 115 அவள காப்பாத்தும்னு சொல்லுங்க, தற்கொலைக்கு முயன்றவங்க கடும் மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் அது எடுத்துக்குது.

உங்க மேல கேஸ் வருமான்னு கேட்டீங்க. குடும்ப வன்முறை சட்டம் 2005, பிரிவு 4 பாருங்க, நல்லெண்ணத்துல பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்றவங்க மேல சிவிலும் கிரிமினலும் ஒண்ணும் போட முடியாது. அதே சட்டத்தோட விதிகள்ல விதி 17 இன்னும் கறாரு, ரிப்போர்ட் இல்லன்னு சிகிச்சைய மறுக்கக் கூடாது, இதுவரைக்கும் யாரும் குடும்ப வன்முறை ரிப்போர்ட் போடலன்னா ஆஸ்பத்திரி பொறுப்பாளரே அந்த ரிப்போர்ட்டுக்கான படிவம் 1 எழுதி பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பணும். உங்களுக்கு அது ஈரோடு கலெக்டர் ஆபீஸ்ல சமூக நல அலுவலகம். ஏ.ஆர். போட்டு ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் குடுக்கறது டாக்டர் வேலை, அது புகார் கிடையாது, புகார் குடுக்கறது அந்தப் பொண்ணோட முடிவு. ஆனா எது அனுப்பறதா இருந்தாலும் அவகிட்ட முன்னாடியே சொல்லிப்போட்டு அனுப்புங்க, தெரியாம போலீஸ் ஊட்டுக்கு வந்து நின்னா அன்னிக்கு ராத்திரி அடி வாங்கறது அவதான். இன்னிக்கு ஊட்டுக்குப் போக பயமா இருக்கான்னு கேளுங்க. ஆமான்னா அட்மிஷன் போட டாக்டர்கிட்ட பேசுங்க, பெண்கள் உதவி எண் 181க்கு ஆஸ்பத்திரி ஃபோன்ல இருந்தே பேச வைங்க, ஒன் ஸ்டாப் சென்டர்ல (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்) தங்க எடம் உண்டு. நோட்டீசு, சீட்டு எதுவும் கைல குடுக்காதீங்க, பையத் தேடுவாங்க.

அன்னிக்கு எழுதாததப் பத்தி. பழைய கேஸ் ஷீட்ல எடம் பாத்து சொருகாதீங்க, அடிச்சுத் திருத்தாதீங்க, குறுக்கு விசாரணைல அது ஒண்ணே போதும் மொத்தத்தையும் கவுத்துரும். இன்னிக்குத் தேதி, நேரம் போட்டு "தாமதப் பதிவு"ன்னு தலைப்புக் குடுத்து, அன்னிக்குப் பாத்தது, பொண்ணு சொன்ன வார்த்தை அப்படியே, நர்ஸ் நோட்ஸ்ல எழுதி கையெழுத்துப் போடுங்க. டாக்டர் எழுதலன்னாலும் உங்க நோட்ஸ் ஒரு ஆவணம்தான். சம்மன் வந்தா பயப்படாதீங்க, எழுதுனதப் பாத்து சொல்றது மட்டும்தான் உங்க வேலை. பொண்ணு சம்மதிச்சா கழுத்த ஃபோட்டோ எடுங்க, ரெண்டாம் நாள்ல கன்னிப்போறது நல்லா தெரிய வரும், அப்பவும் எடுங்க.

அந்தப் பொண்ணு இப்ப புகார் வேண்டாம்னு சொல்லலாம், வற்புறுத்த வேண்டாம். ஆனா மருத்துவ ரிப்போர்ட் காப்பி விதி 17ன்படி காசு வாங்காம அவளுக்குக் குடுக்கணும், அத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுன்னா ஃபைல்லயே இருக்கட்டும், ஃபைல் நம்பர மட்டும் அவகிட்ட சொல்லி வைங்க. வக்கீல் செலவுக்குப் பணம் இல்லியேன்னு கவலைப்பட்டா, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டுன்னும் சொல்லுங்க, கோபி கோர்ட்டுல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்குது, இல்லீன்னா இலவச சட்ட உதவி எண் 15100.